புகையில்லாத தணலும் மூடிய கொட்டிலும்

மாரி தொடங்கியதும் இடம்பெயர்ந்தோர் கொட்டில்களில் முதலில் நடப்பது தறப்பாளை இழுத்து நிலத்தோடு சேர்த்துக் கட்டுவதுதான். சாரல் அடிக்கக்கூடாது, கூதல் நுழையக்கூடாது. அடுத்ததாக, ஒரு பழைய சட்டியில் சிரட்டைக் கரித் தணலை அள்ளிக்கொண்டு வந்து உள்ளே வைக்கிறோம். இவை இரண்டும் ஒரே கொட்டிலுக்குள் ஒரே இரவில் சேரும்போது என்ன நேர்கிறது என்பதை இம்முறை பார்ப்போம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில் நான் கண்ட சம்பவம் இது. பிள்ளை பெற்றுப் பதினொரு நாளான ஓர் இளம் தாய் படுத்திருந்த கட்டிலுக்குக் கீழே இரவு முழுவதும் தணற்சட்டி இருந்தது. விடியப்புறம் அவளுக்குத் தலையிடி வந்தது. பிறகு சத்தி, கை கால் சோர்வு. குழந்தையும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. அவளுடைய தாயாருக்குச் சன்னி என்ற பயம் பிடித்துவிட்டது. உடம்பில் குளிர் ஏறிவிட்டதென்று எண்ணி, வாசலில் தொங்கிய சாக்கை இறுக்கிக் கட்டிவிட்டு, சட்டியில் இன்னும் இரண்டு கை கரியைப் போட்டார். நோயைக் கொடுத்த பொருளையே மருந்தென்று கூட்டிக் கொடுத்தார். அன்று காலை பிள்ளையைப் பார்க்க வந்த குடும்பநல மருத்துவமாது உள்ளே எட்டிப் பார்த்த உடனேயே, “முதல்ல ரெண்டு பேரையும் வெளியில கொண்டு வாங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்” என்று சத்தமிட்டார். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

பிறகொரு நாள் அந்த ஆச்சி என்னிடம் கேட்டார்: “சுவாமி, நான் ஆறு பிள்ளையளைப் பெத்தனான். ஆறுக்கும் கட்டிலுக்குக் கீழ தணல் இருந்தது. ஒண்டும் நடக்கேல்லையே?”

நியாயமான கேள்வி. படித்தவர்கள் பலர் இதை மூடப் பழக்கம் என்று தள்ளிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆச்சி பிள்ளை பெற்றது கிடுகு வேய்ந்த மண் வீட்டில். சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் வெளி இருக்கும். கிடுகுக்குள்ளாலும் காற்றுப் போய்வரும். அந்த வீடு தானாகவே மூச்சு விட்டது. தறப்பாள் மூச்சு விடாது. அது மழையை வெளியே மறிப்பதுபோலக் கெட்ட காற்றையும் உள்ளே மறித்து வைக்கிறது. பழக்கம் மாறவில்லை, வீடுதான் மாறிப்போனது.

அந்தக் கெட்ட காற்றின் பெயர் காபனோரொட்சைட்டு. விறகோ, சிரட்டைக் கரியோ, ஊமற்கரியோ, நிலக்கரியோ எதுவானாலும் போதிய காற்றில்லாமல் கனன்றால் இது உண்டாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் கரிக்காது. விறகுப் புகை எங்களை இருமவைத்து வெளியே துரத்திவிடும். ‘நல்ல தணல், புகையே இல்லை’ என்று நாம் மெச்சுகிற தணல்தான் ஓசைப்படாமல் ஆளைக் கொல்லும். இருட்டில் தணலின் மேல் மெல்லிய நீலச் சுவாலை ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். அது இந்த வாயு எரிவதுதான். எரியாமல் தப்புகிற மிச்சத்தை நாம் சுவாசிக்கிறோம். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் பொருளோடு இது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். அதனால் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்பு ஒட்சிசனின்றித் தவிக்கும். கர்ப்பிணிகளின் வயிற்றுப் பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் ஆபத்து இன்னும் அதிகம். குருமடத்தில் இருந்த காலத்தில், மழை நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு தூபக் கலசத்துக்குக் கரி மூட்டுவோம். அப்போது வரும் தலையிடிக்குச் சாம்பிராணியைத்தான் குற்றஞ்சொன்னோம்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள்ளேயே விறகும் நிலக்கரியும் எரிக்கிறார்களே என்று கேட்பீர்கள். நுவரெலியாவின் பழைய பங்களாக்களிலும் சுவரோடு கட்டிய கணப்பு உண்டு. அவற்றுக்கெல்லாம் கூரைக்கு மேலே உயர்ந்த புகைபோக்கி இருக்கிறது. சூடான காற்று மேலே எழும்பும்போது கெட்ட வாயுவையும் இழுத்துக்கொண்டு போய்விடும். புகைபோக்கி அடைபட்டால், அல்லது சூடு வீணாகிறதென்று தணல் இருக்கும்போதே அதன் தகட்டை மூடினால், அங்கும் இதே கதிதான். 1998 ஜனவரியில் பனிமழையால் மொன்றியல் பகுதியில் மின்சாரம் நாட்கணக்கில் நின்றபோது, மூடிய வீடுகளுக்குள் சூட்டுக்காக வேறு வழிகளைத் தேடியவர்களில் சிலர் இந்த வாயுவால் இறந்தார்கள். இதைப் பார்த்துத் தறப்பாளைத் துளைத்துத் தகரக் குழாய் செருக முயலவேண்டாம். சூடேறிய குழாய் தறப்பாளையும் கிடுகையும் பற்றவைத்துவிடும்.

அப்படியானால் கூதலுக்கு என்ன செய்வது? நெருப்பை வெளியே வைத்து, சூட்டை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். பத்தியில் எரியும் அடுப்பில் மணலை வறுத்து, தடித்த துணியில் முடிந்து, தாயின் இடுப்புக்கும் காலுக்கும் ஒத்தடம் கொடுங்கள். முதலில் உங்கள் முழங்கையில் வைத்துப் பாருங்கள். குழந்தையின் உடம்பில் அதை வைக்கவே கூடாது. குழந்தைக்குத் தாயின் வெறும் நெஞ்சைவிட நல்ல கணப்பு இல்லை: தோலோடு தோலாக அணைத்து, தலைக்குத் தொப்பி போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துவிடுங்கள். மூக்கும் வாயும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூதலில் பாதி நிலத்தின் ஈரத்திலிருந்து வருவது. கட்டில் இல்லாதவர்கள் கீழே பொலித்தீன், அதன்மேல் காய்ந்த வைக்கோல், அதன்மேல் சாக்கு என்று விரித்தால் வித்தியாசம் அன்றிரவே தெரியும்.

கொட்டிலின் இரு முகட்டுப் பக்கங்களிலும் ஒரு சாண் அளவு வெளி விடுங்கள். சாரல் அடித்தால் மேலே ஒரு சிறு கிடுகுத் தாழ்வாரம் இறக்கலாம். சமையல் அடுப்பைப் புறம்பான பத்தியில் வைத்து, தறப்பாளுக்கும் அதற்கும் இடையே ஒரு பழைய தகரத்தை நிறுத்துங்கள். மழைக்கு அடுப்பை உள்ளே எடுத்தே ஆகவேண்டுமென்றால் வாசலைத் திறந்து வைத்துச் சமையுங்கள். படுக்கப் போகுமுன் தணல் முழுவதையும் வெளியேற்றுங்கள். ‘நன்றாகக் கனன்றுவிட்டது, இனிப் பயமில்லை’ என்று சொல்லக்கூடிய கட்டம் தணலுக்குக் கிடையாது. பக்கத்தில் வாளியில் தண்ணீர் வைத்தால் வாயு அதில் கரைந்துவிடும் என்பதும் வெறும் நம்பிக்கையே.

ஒரே கொட்டிலில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலையிடி, தலைச்சுற்று, சத்தி வந்து, வெளியே போனதும் குறைந்தால் அது காய்ச்சல் அல்ல, தணல் என்று சந்தேகியுங்கள். மயங்கிக் கிடப்பவரைக் கண்டால் உடனே வெளியே இழுத்தெடுங்கள். மூச்சிருந்தால் பக்கவாட்டில் கிடத்துங்கள். வாயில் தேத்தண்ணியோ தேசிக்காய்த் தண்ணியோ ஊற்றாதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வைத்தியரிடம் “உள்ளே தணல் இருந்தது” என்ற சொல்லை மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவரும் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க நேரலாம்.

வெளியேற்றிய தணலை எங்கே கொட்டுவது என்பதும் யோசிக்கவேண்டியதே. சாம்பலுக்குள் தணல் மறுநாளும் உயிரோடிருக்கும். காற்றடித்தால் பக்கத்துக் கொட்டில் எரியும். கொட்டிலுக்குத் தள்ளி முழங்காலளவு கிடங்கு வெட்டி, அதில் போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். அந்த ஆச்சி இப்போது அப்படித்தான் செய்கிறார். நன்றாக ஆறிய விறகுச் சாம்பலை மூன்றாம் நாள் அள்ளி, கொட்டிலுக்குப் பின்னால் போட்டிருக்கும் இரண்டு மிளகாய்ப் பாத்திகளுக்குத் தூவுகிறார்.