புது டயர் முன்னாலா, பின்னாலா?

நாலு டயரும் தேய்ந்திருக்கும். கையில் இரண்டுக்குத்தான் காசு இருக்கும். டயர் கடையில் யாரையும் கேட்காமலே புது ஜோடியை முன்பக்கம் மாட்டிவிடுவார்கள். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவற்றை இழுப்பது முன்சக்கரம். பிரேக் பாரம் அதிகம் விழுவதும் அங்கேதான். நல்ல டயர் முன்னால் இருக்கட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, மழை பெய்யும்வரை.

ஈர ரோட்டில் முன் டயர் பிடி விட்டால் வண்டி திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். ஸ்டியரிங் லேசாவது கையிலேயே தெரியும்; ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் விட்டால் கதை வேறு. வளைவில் பின்புறம் வீசி, வண்டியே சுழலும். பதறிக் காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்சக்கரத்துக்கு இருந்த கொஞ்சப் பிடியும் போகும். அதை அடக்குவது அனுபவசாலிக்கே கடினம். மிஷலின் போன்ற தயாரிப்பாளர்கள், இழுப்பது எந்தச் சக்கரமானாலும் புது ஜோடி பின்னால் என்று சொல்வது இதனால்தான். பின்னால் இருந்த பாதி தேய்ந்த ஜோடி முன்னே போகட்டும்.

‘பட்டன் இருக்கே, இன்னும் ஓடும்’ என்பார்கள். டயரின் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் சட்டப்படி டயர் முடிந்தது. மழையில் அதற்கு வெகு முன்பே தண்ணீரை வெளியேற்றத் திணறும். வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. டிக்கியில் கிடந்தே கிழடான ஸ்டெப்னியைப் பட்டன் அப்படியே இருப்பதால் புதுசு என்று நம்பாதீர்கள்.

வெயில் காலத்தில் காற்றைக் குறைக்கும் பழக்கம் தலைகீழ் வைத்தியம். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் மடங்கி மடங்கிச் சூடேறும்; டயர் வெடிப்பது அந்தச் சூட்டில்தான். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவை, வண்டி ஆறியிருக்கும்போது பிடியுங்கள். டயரில் அச்சடித்திருப்பது உச்ச அளவு. பிடிக்க வேண்டிய அளவல்ல.

சக்கரத்தைக் கழற்றும்போது, ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். மாட்டும்போது ஸ்பேனர் மேல் ஏறி மிதிப்பவர்களைத் தடுங்கள். போல்ட் இழுபட்டுப் பலமிழக்கும். வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.