இல்லத்தில் வாழும் முயலும் இல்லறத்தார் கடமையும்

நம் சமணக் குடும்பங்களில் பிள்ளைகள் ஒரு வளர்ப்புயிர் வேண்டுமென்று கேட்கும்போது பெரியோர் பெரும்பாலும் முயலுக்கே இசைகின்றனர். நாய், பூனை என்றால் ஊனுணவு பற்றிய கேள்வி எழும். முயலோ புல்லும் தழையும் உண்பது, குரல் எழுப்பாதது. இவ்வெண்ணத்தில் பிழையில்லை. ஆயினும் குரலெழுப்பாத உயிர் தன் துன்பத்தையும் சொல்லாது. பிற விலங்குகளுக்கு இரையாகும் இனத்தில் பிறந்தமையால், நோயுற்ற முயல் தன் தளர்ச்சியை மறைத்துக்கொள்ளும். நாம் கண்டறியும் வேளையில் நோய் முற்றியிருக்கும். ஆதலின் திருவையாறு, தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி ஆகிய காவிரிப் பகுதிகளில் வாழும் நம்மவர் பயன்கருதிச் சில செய்திகளை இங்கே தருகிறோம்.

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டென்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறும். கட்டுதல், அடித்தல், உறுப்புகளைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. முயலை அடிப்பவரும் அதன்மேல் சுமை ஏற்றுவோரும் நம்மில் இலர். ஆனால் கட்டுதலும் உணவு தடுத்தலும் அன்பு செய்வதாக எண்ணிக்கொண்டே நாம் செய்துவிடக் கூடியவை.

உணவை முதலில் எடுத்துக்கொள்வோம். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை ஓயாமல் மென்றால்தான் அவை தேயும். அதன் குடலும் நாரினாலேயே இயங்குவது. பிஸ்கட், சோறு, இட்லி, இனிப்பு முதலியவற்றைக் குழந்தைகள் அன்பால் ஊட்டும்போது, பெருங்குடலின் தொடக்கப் பையில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கெட்டு, தீயவை பெருகி, வயிறு ஊதிவிடும். முயலால் வாந்தியெடுக்க இயலாது. உள்ளே சென்றது குடல் வழியே தான் வெளியேற வேண்டும். வயிறு நிறையத் தின்ற முயலுக்கும் உரிய உணவு கிட்டவில்லையெனில் அஃது உணவு தடுத்தலே எனக் கொள்ளல் தகும்.

படத்தில் காணும் முயலின் கையில் கேரட் இருப்பதால், கிழங்கு வகைகளை விலக்கிய இல்லங்களிலும் முயலுக்கென்றே கேரட் வாங்குகின்றனர். இது தேவையற்றது. அதில் சர்க்கரை மிகுதி. அருகம்புல்லும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் நம் பகுதியில் எளிதிற் கிடைப்பவை. உணவில் ஐந்தில் நான்கு பங்கேனும் புல்லாக இருத்தல் வேண்டும். வேலிமசால், கல்யாண முருங்கைத் தழை ஆகியவற்றைச் சிறிது சேர்க்கலாம். கடையில் விற்கும் குச்சித் தீவனம் உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் அளவு போதும். வைக்கோலைப் படுக்கையாகப் பரப்பலாம்; அதனையே உணவாக நம்பலாகாது.

புல் எங்கிருந்து வருகிறது என்பதும் கருதத்தக்கது. குறுவையோ சம்பாவோ பயிர் நிற்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்புப் புல் முயலுக்கு நஞ்சாகும். தெளிப்பு இல்லாத கொல்லைப் புல்லையே அறுத்து, கழுவி, ஈரம் உலர்த்திக் கொடுக்க வேண்டும். அறுத்த புல்லைக் கோணியில் திணித்து வைத்தால் சூடேறிப் புழுங்கிவிடும், அதனையும் தவிர்க்க. பூசைக்கென வேலியோரம் வளர்க்கும் அரளியின் இலை முயலின் வாய்க்கு எட்டவே கூடாது.

இன்னொன்று நம் இல்லங்களுக்கே உரியது. கதிரவன் மறைவதற்குள் உணவை முடித்து அடுக்களையை மூடும் வழக்கம் நம்முடையது. முயலோ மாலையிலும் இரவிலும் விடியலிலும்தான் மிகுதியாக உண்ணும். இரவுண்ணாமை நாம் ஏற்ற நோன்பு. முயல் அதனை ஏற்கவில்லை. பொழுது சாயுமுன் இரவு முழுவதற்கும் போதிய புல்லும் நீரும் வைத்துவிடுதல் வேண்டும். இரவில் அது தன் மென்மையான எச்சத்தைத் தானே உண்பதைக் கண்டு அருவருத்துத் தடுக்காதீர்கள். முதல்முறை செரிக்காத சத்தை அவ்வாறு மீண்டும் பெறுதல் அதன் உடலமைப்பு.

பன்னிரண்டு மணிநேரம் முயல் ஒன்றும் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால் அதனை நோன்பென்றோ சோம்பலென்றோ எண்ணி மறுநாள் வரை காத்திருத்தல் ஆகாது. குடலியக்கம் நின்றுவிட்டதற்கு அஃது அறிகுறி. ஓரிரு நாளில் உயிர் போகும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. தஞ்சை மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. வீட்டிலுள்ள மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது பெருந்தீங்கு. மனிதர்க்கு நன்மை செய்யும் அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் வாய்வழி சென்றால் முயலின் குடல் நுண்ணுயிர்களை அழித்து அதனைக் கொன்றுவிடக்கூடும். நாயின் உண்ணிக்குத் தெளிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சே. காதிலும் மூக்கிலும் பொருக்குத் தட்டும் சொறிநோய்க்கு மருத்துவர் இடும் ஊசியே தக்கது.

இனிக் கட்டுதல். முயலைக் கூண்டில் வைப்பதனைத்தும் குற்றமென்று நாம் சொல்லவில்லை. தெருநாய், பூனை, கீரி, பெருச்சாளி, பாம்பு ஆகியவற்றினின்று காக்க வலையடித்த அடைப்பு வேண்டும். ஆனால் மூன்று தாவல் தாவவும், பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத பெட்டி சிறையே. விலங்கு அசைந்து நடமாடப் போதிய நீள அகல உயரமில்லாத கூண்டில் அடைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும் குற்றமென்கிறது. ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் குறைந்த அளவு. வெறும் கம்பித் தரையில் உள்ளங்கால் புண்ணாகும். பலகையோ சாக்கோ விரிக்க. நாள்தோறும் சில மணிநேரம் கூடத்தில் உலவ விடுக. அப்போது மின்கம்பிகளைக் கடிக்காதபடி மறைத்து வைக்க. காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் கொடிது. ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்புறத்தின் கீழுமாகத் தாங்கி எடுத்தல் வேண்டும். பின்புறம் தாங்கப்படாமல் உதைத்தால் முதுகெலும்பே முறியும்.

நம் பகுதியில் முயலுக்குப் பெரும்பகை வெயிலே. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் இன முயல்களைக் குளிர்மலையில் வளர்க்கிறது. முயலுக்கு உகந்த தட்பவெப்பம் அத்தகையது. 30 பாகை செல்சியசைக் கடந்தாலே அது வருந்தும். சித்திரை வைகாசியில் திருவையாற்று வெயில் எவ்வளவென்பதை நாம் அறிவோம். முயலுக்கு வியர்வை இல்லை. காதின் வழியேதான் வெப்பத்தை வெளியேற்றும். தகரக் கூரையும் மொட்டை மாடியும் கொலைக்களம். ஓட்டு வீட்டின் உட்கூடமோ காற்றோட்டமுள்ள தாழ்வாரமோ நன்று. தரையில் நனைத்த மண்ஓடு ஒன்றை வைத்தால் அதன்மேல் படுத்துக்கொள்ளும். வாய் திறந்து மூச்சுவாங்கினால் காதுகளை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் வைத்து, மருத்துவரிடம் விரைக, குளிர்நீரில் அமிழ்த்தாதீர்கள். அந்த அதிர்ச்சியே அதனைக் கொல்லும்.

அறுவடைக் காலத்தில் கொள்ளிடப் படுகையிலும் கரும்புக் கொல்லையிலும் கண்டெடுத்த குட்டியை வளர்க்கலாமா என்று கேட்பவர் உண்டு. ஆகாது. அது காட்டுமுயல், வீட்டுமுயலினின்று வேறான இனம். வீட்டுமுயற் குட்டி மயிரின்றிக் கண்மூடிப் பிறக்கும். காட்டுமுயற் குட்டியோ மயிருடன் கண்திறந்தே பிறக்கும். தாய் பகலில் அதனைத் தனியே விட்டு அந்தியில் வந்து பாலூட்டும். தாயற்றதெனக் கருதி எடுத்து வருதல் தாயினின்று பிரித்தலாகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனைப் பிடித்து வளர்ப்பதைத் தடை செய்கிறது.

வீட்டுமுயலைக் காவிரிக்கரையில் விட்டு 'விடுதலை' தருவதும் தயை அன்று. வெளியுலகு அறியாத அவ்வுயிர் நாய்களுக்கு இரையாகும்.

யாவற்றினும் கடினமானது குட்டிகளைப் பற்றியது. முயல் நான்கைந்து மாதத்தில் பருவமடையும். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். ஓர் ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் பிறக்கும். ஈன்ற அன்றே மீண்டும் சினையாகும். பெருகிய குட்டிகளை யாரிடம் கொடுப்பது? தமிழ்நாட்டில் முயல் வாங்குவோரில் பலர் இறைச்சிக்கென வாங்குகின்றனர். நாம் விலையின்றிக் கொடுத்தாலும் அவை சென்று சேருமிடம் அதுவாகிவிடலாம். ஆதலின் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக வைக்கலாகாது. கருத்தடை அறுவை உறுப்பைச் சிதைத்தல் என்னும் அதிசாரம் ஆகாதோ என வினவலாம். வயது முதிர்ந்த பெண்முயல்களுக்குக் கருப்பைப் புற்று மிகுதியாக வருகிறது. அறுவை அதனைத் தடுக்கிறது. உயிர்காக்கும் சிகிச்சையையும் கொடுமையையும் ஒன்றாக்குதல் பொருந்தாதென்பது நம் கருத்து. இதற்கு மனம் இசையாதவர் ஓர் ஈற்றில் பிறந்த இரு பெண்முயல்களை வாங்குக. தனிமையும் முயலுக்குத் துன்பமே ஆதலால் அவை ஒன்றுக்கொன்று துணையாகும். இளங்குட்டிகளில் ஆண் பெண் அறிதல் அரிது. விற்பவர் சொல்லை மட்டும் நம்பாமல், வாங்கிய வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுக. மூன்றாம் மாத முடிவில் மீண்டும் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்க.