வெட்டுமுகம் கூறும் குற்றங்கள்

ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில், கொழுந்து மிகுந்து வரும் நாளிலே தொழிற்சாலை இயந்திரம் பழுதுற்றால், பறித்த கொழுந்து காத்திராது. அவ்வேளை ஒட்சிசன், அசற்றலீன் சுவாலையால் இரும்பை வெட்டுவோன் விரைவது இயல்பே. ஆயினும், கெட்ட வெட்டைச் சீர்செய்யச் செல்லும் பொழுது, விரைந்து மிச்சம் பிடித்த பொழுதினும் பெரிது. ஆதலின், பட்டறைத் தொழிலை நாடும் மாணவர்க்கென அவ்வெட்டின் குற்றங்களை ஈண்டு ஆராய்வோம்.

சுவாலை இரும்பை உருக்கி அறுக்கின்றது என்பர் பலர். உண்மை அதுவன்று. சுவாலை எஃகினை ஏறக்குறைய 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்குகின்றது. பின்னர்ப் பாயும் ஒட்சிசனில் இரும்பு எரிந்து கசடாகின்றது. எஃகு ஏறத்தாழ 1,500 பாகையில் உருகும். கசடோ 1,400 பாகைக்கு அண்மையிலேயே உருகி வழிந்துவிடும். வெட்டுத் தூயதாவது இதனாலேயே. வார்ப்பிரும்பின் நிலை வேறு. அது 1,200 பாகை அளவில், கசடுக்கு முன்னரே, உருகிக் குழம்பும். தேயிலை இயந்திரங்கள் பலவற்றின் கால்களும் சட்டங்களும் வார்ப்பிரும்பே. எனவே, உலோகம் அறியாது வெட்டத் தொடங்குதலே முதற் குற்றம். சாணையிற் பிடித்தால் மெல்லெஃகு நீண்ட ஒளிமிக்க தீப்பொறிகளைச் சிந்தும்; வார்ப்பிரும்பின் தீப்பொறி குறுகிச் சிவந்திருக்கும்.

ஏனைய குற்றங்களை வெட்டுமுகமே கூறும். அதிலுள்ள கோடுகள் ஏறக்குறைய நேராக இறங்கின், கைவேகம் சரி; அடியில் மிகப் பின்வளையின், வேகம் மிகை. மேல்விளிம்பு உருகி உருண்டிருப்பின், சுவாலை மிகை அல்லது கை மந்தம். முகத்திற் குழிகள் தோன்றின், கை நிலைகொள்ளவில்லை அல்லது குழல்நுனி அழுக்குற்றது. அடியிற் கசடு இறுகி ஒட்டின், வேகத்தையும் ஒட்சிசன் அழுத்தத்தையும் நோக்குக. ஒட்சிசனின் தூய்மையும் இன்றியமையாதது; அது நூற்றுக்கு ஒரு பங்கு குறையினும் வெட்டும் வேகம் ஏறத்தாழக் காற்பங்கு குறையும்.

இவற்றைத் தவிர்க்கும் வழிகள் எளியன. மலைநாட்டு ஈரத்தில் ஏறிய துருவையும் பழைய வர்ணத்தையும் முன்னரே சுரண்டுக. தகட்டின் தடிப்புக்கேற்ற குழல்நுனியைத் தெரிந்து, அதன் துளையைத் துப்புரவு செய்க. கைக்குத் துணையாக நேர்சட்டம் ஒன்றை வைத்துக்கொள்க. கழிவுத் துண்டொன்றில் வெட்டிப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குக.

இறுதியாக, உயிர்காக்கும் விதிகள் சில. தேயிலைத் தூசும் பழைய மரத்தளங்களும் எளிதில் தீப்பற்றுவன; கசடோ நெடுந்தூரம் தெறிக்கும். இயன்றவரை வேலையை வெளியே கொணர்க; இயலாதவிடத்துத் தூசகற்றி, நீர் தெளித்து, முடித்தபின்னும் காவல் நிற்க. ஒட்சிசன் இணைப்புகளில் எண்ணெய் படலாகாது. அசற்றலீன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலை மீறலாகாது.

வெட்டி முடித்ததும் அதன் முகத்தை வாசித்தறியும் பழக்கம் உடையோனுக்கு, ஒவ்வொரு வெட்டும் அடுத்த வெட்டுக்கு ஆசானாகும்.