கடல் வைத்திருக்கும் கணக்கு

நுழையும்முன்

கடல்நீரின் சுவையை உப்பு என்னும் ஒரே சொல்லில் கூறிவிடுகிறோம். அந்நீரில் இரும்பு, செம்பு, துத்தநாகம், பாதரசம் முதலிய உலோகங்களும் மிகச் சிறிய அளவில் கலந்துள்ளன. அவற்றுள் சில இல்லையேல் கடலில் உயிர்கள் இல்லை. சில மிகுந்தால் உயிர்களுக்கு வாழ்வில்லை. இருவகை உலோகங்களும் உயிர்களை அடையும் முக்கிய வழி உணவு. அவ்வழியையும் அதில் மனிதனின் பங்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அளக்க அரிய அளவு

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் பெரும்பகுதி நாம் சமையலில் பயன்படுத்தும் உப்பே ஆகும். இவற்றுடன் ஒப்பிட்டால் இருப்பதே தெரியாத அளவில் கலந்துள்ள உலோகங்களைச் சுவடு உலோகங்கள் என்பர். கரையிலிருந்து வெகுதொலைவில், பெருங்கடலின் மேற்பரப்பில் எடுத்த ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள இரும்பு, ஒரு கிராமை ஒரு கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறுகூட இராது.

இத்துணைச் சிறிய அளவை அளப்பது எளிதன்று. நீர் மொள்ளச் செல்லும் கப்பலே இரும்பால் ஆனது. கயிறு, கலன், ஆய்வறையின் தூசி, ஆய்வாளரின் கை ஆகிய அனைத்திலும் உலோகம் உண்டு. எனவே, பல்லாண்டுகள் விஞ்ஞானிகள் அளந்தது கடலின் உலோகத்தையன்று. தாங்கள் கொண்டுசென்ற உலோகத்தையே ஆகும். இப்பிழையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க வேதியியல் அறிஞர் கிளேர் பேட்டர்சன். காரீயத்தை அளந்து புவியின் வயதை ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என 1956இல் நிறுவியவர் இவரே. அதற்காக மாசு சிறிதும் புகாத ஆய்வறையை அமைத்தார். பின்னர் அதே கவனத்துடன் கடல்நீரை ஆராய்ந்தபோது, ஆழ்கடலைவிட மேற்பரப்பில் காரீயம் மிகுந்திருப்பதைக் கண்டார். ஊர்திகளின் பெட்ரோலில் கலந்த காரீயம் புகையாகி, காற்றில் பரவி, கடலில் இறங்கியிருந்தது. மனிதர் எட்டிப் பார்த்திராத நடுக்கடலிலும் மனிதச் செயலின் சுவடு பதிந்திருந்தது.

உலோகம் தேடும் உயிர்கள்

கடல்வாழ் உயிர்கள் சுவடு உலோகங்களைத் தேடித் திரட்டிக்கொள்கின்றன. மீன்களின் குருதி சிவப்பாக இருப்பதற்கு இரும்பைக் கொண்ட ஹீமோகுளோபின் காரணம். நண்டு, இறால், கணவாய் முதலியவற்றில் உயிர்வளியைச் சுமப்பது செம்பைக் கொண்ட ஹீமோசயனின் என்னும் புரதம். உயிர்வளி சேர்ந்ததும் அது நீலநிறம் பெறுகிறது. ஆகவே, கணவாயின் குருதி நீலம். ஓர் உலோகம் மாறினால் குருதியின் நிறமே மாறிவிடுகிறது.

கடலின் உணவு வலைக்கு அடித்தளம், கண்ணுக்குப் புலப்படாத தாவர மிதவை உயிரிகள். இவை கதிரொளியைக் கொண்டு கரியமில வாயுவை உணவாக மாற்றுகின்றன. அப்பணிக்கு உதவும் நொதி ஒன்றிற்குத் துத்தநாகம் தேவை. துத்தநாகம் கிடைக்காதபோது, டையாட்டம் வகைப் பாசிகளுள் சில அதன் இடத்தில் காட்மியத்தைப் பயன்படுத்துகின்றன. மனிதனின் சிறுநீரகத்தைச் சிதைக்கும் காட்மியம், அப்பாசிக்குக் கைகொடுக்கும் துணையாகிறது. நன்மையும் தீமையும் உலோகத்தில் மட்டும் இல்லை. எந்த உயிரில், எந்த அளவில் அது சேர்கிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

தெரிந்து தெளிவோம்

கடற்பாறைகளில் பை போன்ற உடலுடன் ஒட்டி வாழும் உயிரி அசிடியன். இதன் குருதியணுக்களில் வனேடியம் என்னும் உலோகம் இருப்பதை 1911இல் மார்ட்டின் ஹென்சே என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். அசிடியன்களுள் ஓர் இனம், சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு செறிவில் வனேடியத்தைச் சேர்த்து வைத்துள்ளது.

இரும்பும் திமிங்கலமும்

தென்முனைப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலின் சில பகுதிகளிலும் நைட்ரேட், பாஸ்பேட் முதலிய ஊட்டங்கள் நிறைந்துள்ளன. ஆயினும் அங்கே பாசிகள் செழிப்பதில்லை. உரமிட்ட வயலில் பயிர் வளராததைப் போன்ற இந்நிலை அறிஞர்களை நெடுங்காலம் வியப்பில் ஆழ்த்தியது. அங்குக் குறைவது இரும்பே என்று 1980களின் இறுதியில் எடுத்துரைத்தார் கலிபோர்னியாவைச் சேர்ந்த கடலியல் அறிஞர் ஜான் மார்ட்டின். உயிர்வளி நிறைந்த கடல்நீரில் இரும்பு துருவாகி விரைவில் படிந்துவிடும். பாலைவனத் தூசியோ ஆற்றுநீரோ எட்டாத பகுதிகளில் இரும்புப் பஞ்சம் நிலவுகிறது.

மார்ட்டின் 1993இல் மறைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் அவருடைய குழுவினர் காலபாகஸ் தீவுகளுக்கு அருகில், ஏறத்தாழ 64 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் இரும்புக் கரைசலைத் தூவினர். பாசிகளின் வளர்ச்சி கூடியது. 1995இல் மீண்டும் செய்த சோதனையில் நீலக்கடல் பச்சைநிறமாக மாறியது. உலோகத் துகளின் அருமையைக் கடலே எடுத்துக்காட்டியது.

இரும்புப் பஞ்சம் மிக்க தென்முனைக் கடலில் திமிங்கலங்கள் எவ்வாறு பெருகி வாழ்ந்தன? அவை கிரில் என்னும் சிறு இறால் போன்ற உயிர்களை நாள்தோறும் டன் கணக்கில் உண்கின்றன. கிரில்கள் பாசிகளை உண்டு இரும்பைச் சேர்த்து வைத்துள்ளன. திமிங்கலம் தன் தேவைக்கு மிஞ்சிய இரும்பைக் கழிவாக மேற்பரப்பில் வெளியேற்றுகிறது. அக்கழிவில் சுற்றியுள்ள நீரைப்போல் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு இரும்பு இருப்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்விரும்பு பாசிகளை வளர்க்கிறது. பாசிகள் கிரிலை வளர்க்கின்றன. கிரில்கள் திமிங்கலத்தை வளர்க்கின்றன. உண்பவரே உழவராகவும் இருக்கும் வயல் அது.

இருபதாம் நூற்றாண்டில் தென்னரைக்கோளத்தில் மட்டும் 20 இலட்சம் திமிங்கலங்கள் வேட்டையாடப்பட்டன. உண்ணுவோர் குறைந்ததால் கிரில்கள் பல்கிப் பெருகும் எனப் பலரும் எதிர்பார்த்தனர். அவ்வாறு நிகழவில்லை. கொன்றது திமிங்கலத்தை, குலைந்தது இரும்பின் சுழற்சி. வணிக நோக்கிலான திமிங்கல வேட்டையை நிறுத்திவைக்கும் பன்னாட்டு முடிவு 1982இல் எடுக்கப்பட்டு, 1986 முதல் நடைமுறையில் உள்ளது.

படிதோறும் பெருகும் நஞ்சு

இரும்பை உடல் பயன்படுத்திக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றுகிறது. பாதரசத்தின் இயல்பு வேறு. எந்த உயிருக்கும் பாதரசத்தால் பயனில்லை. எரிமலைகள் அதனை இயற்கையாக வெளியிடுகின்றன. நிலக்கரியை எரித்தல், சிறு அளவிலான தங்கச் சுரங்கத்தொழில் முதலிய மனிதச் செயல்களால் வெளியாவதோ மிகுதி. உயிர்வளி குறைந்த சேற்றிலும் நீரிலும் வாழும் சில பாக்டீரியங்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது புரதங்களோடு இறுகப் பிணைகிறது. உடலை விட்டு எளிதில் நீங்குவதில்லை.

முதலில் பாசிகள் மெத்தில் பாதரசத்தை நீரிலிருந்து பல்லாயிரம் மடங்கு செறிவாக ஈர்க்கின்றன. அடுத்து நிகழ்வதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு கிலோ எடை வளர ஓர் உயிர் பத்துக் கிலோ உணவை உண்பதாகக் கொள்வோம். உணவு ஆற்றலாக எரிந்துவிடும், நஞ்சு எரியாது. ஆகவே, பத்துக் கிலோ பாசியிலிருந்த நஞ்சு ஒரு கிலோ விலங்கு மிதவை உயிரிகளில் தங்கும். அவ்வாறே சிறுமீனில் அது நூறு மடங்காகும். அதனை உண்ணும் பெருமீனில் ஆயிரம் மடங்காகும். உண்மையில் ஒரு பகுதி வெளியேறிவிடுவதால் பெருக்கம் இதனினும் குறைவு. ஆயினும் போக்கு இதுவே. இதனை உயிரியல் உருப்பெருக்கம் என்பர். சுறா, சூரை முதலிய பெருமீன்களின் தசையில் மெத்தில் பாதரசத்தின் செறிவு, அவை நீந்தும் நீரில் இருப்பதைப்போல் பத்து இலட்சம் மடங்கிற்கும் மேலாக உயர்வதுண்டு. நீரைச் சோதித்தவர் தூயது என்று கூறக்கூடும். மீனின் உடல் வேறு விடை தரும்.

மினமாட்டா தந்த பாடம்

ஜப்பானின் கியூஷு தீவில், ஷிரானுய் கடலின் கரையில் அமைந்த ஊர் மினமாட்டா. அங்குச் சிஸ்ஸோ என்னும் நிறுவனத்தின் வேதித் தொழிற்சாலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்தது. பாதரசச் சேர்மம் அதில் வினையூக்கியாகப் பயன்பட்டது. உற்பத்தியின்போது உருவான மெத்தில் பாதரசம் கழிவுநீருடன் கடலில் கலந்தது.

1950களில் மீனவர் குடியிருப்புகளில் பூனைகள் தள்ளாடின, சுழன்றன, வலிப்புக் கண்டு மாண்டன. மீனை உண்ட மனிதருக்கும் கைகால் மரத்தது, பேச்சுக் குழறியது, பார்வை சுருங்கியது. தொழிற்சாலை மருத்துவமனையின் தலைவர் ஹோசோகாவா ஹஜிமே, காரணம் அறியப்படாத நரம்பு நோய் பரவுவதாக 1956 மே முதல் நாளில் சுகாதாரத் துறைக்கு அறிவித்தார். 1959இல் அவர் தொழிற்சாலைக் கழிவுநீரை உணவில் கலந்து பூனைக்கு அளித்துச் சோதித்தார். அக்டோபரில் அப்பூனைக்கும் அதே நோய் கண்டது. நிறுவனம் அம்முடிவை வெளியிடவில்லை. சோதனையைத் தொடரவும் இசையவில்லை. கழிவு 1968 வரை கடலில் கலந்துகொண்டே இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் நோயின் காரணத்தை அரசு முறையாக ஏற்றது. ஹோசோகாவா 1970இல் தம் இறுதிக் காலத்தில், நோய்ப்படுக்கையிலிருந்தபடியே உண்மையைச் சாட்சியமாக அளித்தார். 1973இல் நீதிமன்றம் நோயாளிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

தாயின் உடலிலுள்ள நச்சு கருவிலுள்ள குழந்தையை அடையாது என்பது அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. மினமாட்டாவில் அந்நம்பிக்கை தகர்ந்தது. தாய்க்கு நோய் இலேசாக இருக்க, மீனை உண்டறியாத சேய் கடும் பாதிப்புடன் பிறந்தது. குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பேணிவைப்பது ஜப்பானியர் வழக்கம். மருத்துவர் ஹராடா மசாசுமி அத்தொப்புள்கொடிகளைச் சேகரித்து ஆராயச் செய்தார். அவற்றில் மெத்தில் பாதரசம் இருந்தது. அன்பின் நினைவாகப் பாதுகாத்த பொருளே தீமைக்குச் சான்றாயிற்று. நோயாளிகளென அரசால் ஏற்கப்பட்டோர் மட்டும் 2,200க்கும் மேற்பட்டோர் ஆவர்.

அறிந்து நடத்தல்

இவற்றையெல்லாம் அறிந்தபின் மீனுணவை விலக்க வேண்டும் என்பதில்லை. மீன் சிறந்த புரத உணவு. மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்கள் குறைந்த காலமே வாழ்வன. உணவு வலையின் கீழ்ப்படிகளில் இரை தேடுவன. ஆகவே, அவற்றில் பாதரசம் பொதுவாகக் குறைவு. நீண்டகாலம் வாழும் பெரிய சுறா போன்றவற்றைக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் தவிர்ப்பது நன்று.

தனிமனிதரின் கவனம் மட்டும் போதாது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டது. அதற்கு மினமாட்டாவின் பெயரையே சூட்டினர். அது 2017இல் நடைமுறைக்கு வந்தது. 2018இல் இந்தியாவும் அதற்கு ஏற்பளித்தது. நச்சு படிந்த மினமாட்டா விரிகுடாவின் சேற்றை அகற்றும் பணி 1977இல் தொடங்கி 1990இல் முடிந்தது. மாசுற்ற மீன்கள் வெளியேறாதிருக்கக் கட்டியிருந்த வலைகள் 1997இல் நீக்கப்பட்டன. பேட்டர்சன் கண்ட காரீயத்தின் கதையும் அத்தகையதே. உலக நாடுகள் ஒவ்வொன்றாகக் காரீயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டன. இந்தியா 2000இலும் இறுதியாக அல்ஜீரியா 2021இலும் அதை நிறுத்தின. அட்லாண்டிக் கடலின் மேற்பரப்பு நீரில் காரீயம் பெரிதும் குறைந்தது.

'அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு' என்பர் முன்னோர். கடலில் அளவு என்பது ஒரு சொட்டிலும் சிறியது. கொட்டியதை மனிதர் மறந்துவிடலாம். பாசியும் கிரிலும் மீனும் அதைக் கைமாற்றிக் கொண்டே வந்து உண்கலத்தில் சேர்க்கும். கொட்டுவதை நிறுத்தினால் கடல் மெல்லத் தேறும். ஆனால், இழந்த உயிர்களை அது திருப்பித் தராது. மினமாட்டாவில் 1959இலேயே தெரிந்த உண்மை வெளிப்பட்டிருந்தால், பின்வந்த ஒன்பது ஆண்டுகளின் துயரைத் தவிர்த்திருக்கலாம். அறிவது அறிவியலின் கடமை. அறிந்ததை மறைக்காமல் சொல்வது மனிதரின் கடமை.

கற்பவை கற்றபின்…

1. பாசி, கிரில், திமிங்கலம் ஆகியவற்றுக்கிடையே இரும்பு சுழலும் முறையைப் படமாக வரைந்து வகுப்பறையில் விளக்குக.
2. மீன் விற்பனை செய்வோரிடம் உரையாடி, உங்கள் பகுதியில் கிடைக்கும் மீன்களைச் சிறுமீன்கள், பெருமீன்கள் என வகைப்படுத்தி அட்டவணை உருவாக்குக.
3. 'கண்டறிந்த உண்மையை வெளியிடும் உரிமையும் கடமையும்' என்னும் தலைப்பில் ஹோசோகாவா ஹஜிமேயின் செயலை முன்வைத்துக் கலந்துரையாடுக.