கோடைக்கேற்ற பருத்திப் பின்னற் சட்டையும் அதனை உடலுக்குப் பொருத்தும் முறையும்

பின்னல் வேலை என்றவுடன் கம்பளியையும் குளிர்காலத்தையுமே அநேகர் நினைக்கின்றனர். உஷ்ணப் பிரதேசங்களில் இவ்வேலை பயன்படாதென்று ஊசிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவோரும் உளர். இது தவறான எண்ணம். பருத்தி நூலால் நெருக்கமின்றிப் பின்னப்பட்ட துணி நெய்த துணியைக் காட்டிலும் காற்றுக்கு இடங்கொடுப்பது; உடலின் அசைவுக்கு இணங்கி நெகிழ்வது; வியர்வையை உறிஞ்சுவது. ஆடவர் அணியும் பனியன் பின்னற்றுணியே யன்றி வேறன்று. கையில்லாத மேற்சட்டை யொன்றை வீட்டிலேயே இரண்டு ஊசிகளைக்கொண்டு பின்னிக்கொள்ளும் முறை இங்கே கூறப்படுகின்றது.

முதலில் நூலின் குணத்தை அறிதல் வேண்டும். கம்பளி இழுத்து விட்டால் மீண்டும் சுருங்கும். பருத்திக்கு அக்குணம் மிகக் குறைவு. மேலும் பருத்தி கனமானது. ஆகையால் பருத்திச் சட்டை தன் பாரத்தாலேயே நாளடைவில் கீழ்நோக்கி நீளும். கம்பளிக்கு எழுதப்பட்ட அளவுகளை அப்படியே பருத்திக்குக் கொள்வோர் பல வாரப் பிரயாசைக்குப் பின் முழங்காலை நோக்கி இறங்கும் சட்டையைக் கண்டு வருந்துவது இக்காரணத்தாலேயாம். கடைகளில் கிடைக்கும் மெர்சிரைஸ் செய்த நூல் பளபளப்பும் உறுதியும் உடையது; சாயத்தையும் நன்கு பற்றும். ஜான் மெர்சர் என்னும் ஆங்கிலேயர் 1850-ல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். நூலை இழுத்துப் பிடித்துக் காரத்தில் நனைத்தாற் பளபளப்பு உண்டாகும் என்பது 1890-ல் லோ என்பவரால் வெளிப்பட்டது. சாதாரண நூலும் போதும். ஆனால் முழுச் சட்டைக்கும் வேண்டிய நூலை ஒரே சாயத்தொகுதியில் வாங்கிக்கொள்க. நடுத்தரப் பருமனுள்ள நூல் உத்தேசமாக 300 கிராம் தேவைப்படும்.

ஊசிகள் பழைய பிரிட்டிஷ் கணக்கில் 9-ஆம் எண்ணும், விளிம்புகளுக்கு 11-ஆம் எண்ணும் வேண்டும், அதாவது 3.75 மில்லிமீட்டரும் 3 மில்லிமீட்டரும். இக்கணக்கில் எண் பெரிதாகப் பெரிதாக ஊசி மெலிதாகும். அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர் மாறானது. வாங்கும்போது மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குவதே குழப்பத்துக்கு இடமற்றது.

மாதிரித் துண்டு பின்னாமல் சட்டையைத் தொடங்குதல் கூடாது. 6 அங்குலச் சதுரமாக ஒரு துண்டு பின்னித் துவைத்து, தட்டையாக உலர்த்தி, நடுவில் 4 அங்குலத்தில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை யென்று எண்ணுக. இங்கே 22 கண்ணியும் 30 வரிசையும் எனக் கொள்ளப்படுகின்றது. ஓர் அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி, ஏழரை வரிசை. தளர்வாகப் பின்னும் ஒருவருக்கு 4 அங்குலத்தில் 20 கண்ணியே வருமாயின் என்னவாகும்? 99 கண்ணிகள் 18 அங்குலத்துக்குப் பதிலாக ஏறக்குறைய 20 அங்குலமாகும். முன்பின் இரண்டும் சேர்ந்து சட்டை மூன்றரை அங்குலத்துக்கு மேல் பெருத்துவிடும். அவர் மெல்லிய ஊசிக்கு மாறுதல் வேண்டும்.

பருத்திக்கு இன்னொரு சோதனையும் உண்டு. துண்டின் கீழ் விளிம்பில் துணிக்கவ்விகள் சிலவற்றை மாட்டி ஓரிரவு தொங்கவிட்டு, வரிசைகளை மறுபடி எண்ணுக. 4 அங்குலத்தில் 30 வரிசை 28-ஆகக் குறைந்தால், அணியும்போது நீளம் எவ்வளவு கூடுமென்பது விளங்கும். அகலத்துக்குத் தட்டையான அளவையும், நீளத்துக்குத் தொங்கவிட்ட அளவையும் கொள்வதே முறை.

மார்பளவு 34 அங்குலம் உள்ளவருக்கு 2 அங்குலம் தளர்ச்சி சேர்த்து 36 அங்குலமாகச் சட்டை அமைக்கலாம். உடலோடு ஒட்டிய சட்டை வெயிலிற் சுகப்படாது; 4 அங்குலத்துக்கு மேற் தளர்ந்தால் கைவளைவு தொங்கும். பின்பாகத்துக்கு 11-ஆம் எண் ஊசியில் 101 கண்ணி ஏற்றுக; இவற்றில் இரண்டு பக்கத் தையலுக்குப் போகும். நேர்க்கண்ணி ஒன்று எதிர்க்கண்ணி ஒன்றாக 8 வரிசை பின்னி விளிம்பை முடித்து, 9-ஆம் எண் ஊசிக்கு மாறி, ஒரு வரிசை நேராகவும் ஒரு வரிசை எதிராகவும் 90 வரிசை செல்க. இடை ஒடுங்க வேண்டுமானால் முதல் 32 வரிசையில் எட்டு வரிசைக்கு ஒரு முறை இருபுறமும் ஒவ்வொரு கண்ணி குறைத்து, 14 வரிசை நேராகச் சென்று, அடுத்த 32 வரிசையில் அவ்வாறே கூட்டி, எஞ்சிய 12 வரிசையை நேராக முடிக்க. தொங்கவிட்ட கணக்கில் 28 வரிசை வந்தவர்கள் 90-க்குப் பதிலாக 84 வரிசை பின்னினாற் போதும். அந்த ஆறையும் நடுவிலுள்ள 14-லிருந்து கழித்துவிடுக.

பின்பு கைவளைவு. இருபுறமும் 5 கண்ணிகளை அடைத்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக இருபுறமும் ஒவ்வொன்று 11 முறை குறைத்தால் 69 கண்ணி நிற்கும். தொடக்கத்திலிருந்து கைவளைவு 52 வரிசையானதும் (தொங்கவிட்ட கணக்கினர் 48) தோளுக்குப் பக்கத்துக்கு 16-ஆக, எட்டெட்டாக இரு தடவையில் அடைத்து, நடுவிலுள்ள 37-ஐயும் அடைத்துவிடுக. இவற்றை அடைக்காமல் ஊசியிலிருந்தே சேர்க்கலாமே யென்று சிலர் கருதுவர். பருத்தியின் பாரம் முழுவதும் தோளில் தொங்குவதால், அடைத்துத் தைத்த தோளே நீளாமல் நிற்கும்.

முன்பாகமும் இவ்வாறே. தோளுக்கு 28 வரிசை இருக்கையில் நடுவிலுள்ள 21 கண்ணிகளை அடைத்து, இருபுறத்தையும் தனித்தனியே பின்னி, கழுத்துப் பக்கத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக 8 கண்ணி குறைத்தால், ஒவ்வொரு தோளுக்கும் 16 எஞ்சும். மார்பளவு 36 உள்ளவர் 107 கண்ணி ஏற்றி, கைவளைவில் 6 அடைத்து, 12 முறை குறைத்து, தோளுக்கு 17 வைத்துக்கொள்வாராக.

இனி, இவ்வேலையில் மிகவும் கவனிக்கத்தக்க விஷயத்துக்கு வருவோம். மார்பு பெருத்தவர்களுக்குச் சட்டையின் முன்விளிம்பு மேலேறி, பக்கங்களில் அக்குளை நோக்கிச் சுருக்கம் விழும். பலர் இதைச் சட்டை சிறிதாயிற்றென்று எண்ணி, மறுமுறை எல்லாக் கண்ணிகளையும் கூட்டிவிடுகின்றனர்; அப்போது தோளும் கழுத்தும் அகன்று வழுக்கி விழுகின்றன. குறை அகலத்தில் மட்டும் இல்லை, முன்பக்க நீளத்திலும் உள்ளது. தோளிலிருந்து மார்பின் மேலாக இடைவரை முன்புறமும், தோளிலிருந்து இடைவரை பின்புறமும் நாடாவால் அளந்து பார்க்க. முன்னளவு 2 அங்குலம் மிகுந்திருந்தால், முன்பாகத்தில் மாத்திரம் 14 அரைவரிசைகள் சேர்க்க வேண்டும். அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே, வரிசையின் கடைசி 4 கண்ணிகளைப் பின்னாது நிறுத்தி, அடுத்த கண்ணியை நூலாற் சுற்றித் திரும்புக. மறுபுறமும் 4 விட்டுத் திரும்புக. அடுத்தடுத்த முறைகளில் 8, 12 என ஏற்றி 28 வரை விட்டுத் திரும்பினால், நடுவில் 45 கண்ணி எஞ்சும். அங்கே ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சிறிது மிகுதியான நீளம் கூடும். பக்கத்தையல்கள் நீளா. சுற்றிய நூலைப் பிறகு அக்கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் துளை தெரியாது.

தோளையும் பக்கங்களையும் தைத்தபின் கைவளைவைச் சுற்றி மெல்லிய ஊசியில் கண்ணி எடுத்து அரை அங்குல விளிம்பு பின்னுக. நான்கு வரிசைக்கு மூன்றாகவும், அடைத்த பத்துக்குப் பத்தாகவும் எடுத்தால் 88 வரும். அணிந்து பார்க்கையில் வளைவு வாய் பிளந்து நின்றால், சட்டையைக் குறைகூற வேண்டாம். விளிம்பை மட்டும் பிரித்து, மூன்று வரிசைக்கு இரண்டாக, அதாவது 79 கண்ணியாக எடுத்துப் பின்னினால் உடலை ஒட்டி அமரும்.

சில மாதங்களுக்குப் பின் சட்டை நீண்டுவிட்டால் முழுவதையும் பிரிக்க அவசியமில்லை. பக்கத்தையலைக் கீழிருந்து சிறிது பிரித்து, வேண்டிய உயரத்தில் ஒரே ஒரு கண்ணியின் நூலைக் கத்தரித்து, அந்த வரிசை நூலை மெதுவாக உருவினால் கீழ்த்துண்டு தனியே வந்துவிடும். மேலே நிற்கும் கண்ணிகளை உடனுக்குடன் ஊசியில் ஏற்றி, கீழ்நோக்கி எட்டு வரிசை விளிம்பு பின்னித் தளர்வாக அடைத்துவிடலாம். துவைத்தபின் கொடியிற் போடாமல், நீரைத் துணியிற் சுருட்டிப் பிழிந்து, நிழலில் பாயின்மேல் அளவுக்கு விரித்து உலர்த்துக.