தலயாத்திரையைப் பாடமாகக் கற்பிக்கும் முறை

சைவ பாடசாலைகளிற் சமயபாடங் கற்பிக்கும் உபாத்தியாயர்கள் நாயன்மார் சரித்திரங்களையும் திருப்பதிகங்களையும் ஆண்டுதோறும் படிப்பித்து வருகின்றார்கள். மாணாக்கரும் அவற்றை மனனஞ்செய்து பரீட்சையில் எழுதிச் சித்தியெய்துகின்றார்கள். ஆயினும், திருவாரூர் எத்திசையில் உள்ளது, சீகாழிக்கும் தில்லைக்கும் இடையே யாது நதி ஓடுகின்றது, மறைக்காட்டுக்கு நேரே கடலுக்கு இப்பால் உள்ள கரை யாது என வினாவின், விடை கூறுவார் மிகச் சிலரே. தலத்தை அறியாது பதிகத்தை மாத்திரம் ஓதுதல், கடிதத்தைத் திறவாது மேல்விலாசத்தை மாத்திரம் படித்து வைத்தலை ஒக்கும். ஆதலால், தென்னாட்டுத் தலயாத்திரையை ஒரு பாடமாக அமைத்துக் கற்பிக்கும் முறையை, எமது அநுபவத்திற் கண்டவாறு இங்கே எடுத்துக் கூறுவாம்.

1. யாம் கற்றுக்கொண்ட விதம்

யாம் இளமையிற் கிறிஸ்தவ மிஷன் பாடசாலை யொன்றிற் கற்றோம். யோர்தான் நதி தோன்றும் இடமும் சென்று விழும் கடலும் எமக்குத் தெரியும். கலிலேயாவின் ஊர்களைப் படத்தில் விரல்வைத்துக் காட்டுவோம். காவிரி எவ்வூர்களின் வழியே ஓடுகின்றது என்பதோ எமக்குத் தெரியாது. முதன்முறை சிதம்பரத்துக்குச் சென்றபோது, அங்கே ஒரு முதியவர் எம்மை நோக்கி, "தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறீர்களே, வழியில் எந்தெந்தத் தலங்களைத் தரிசித்தீர்கள்?" என்று அன்போடு வினாவினார். புகைவண்டி நின்ற இடங்களின் பெயர்களன்றி வேறொன்றும் எம்மாற் கூற இயலவில்லை. அன்று அடைந்த நாணம் இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை.

இது அப்பாடசாலையின் குற்றமன்று. அங்கே கற்பித்தவர்கள் தம் சமயத்தைச் செம்மையாகக் கற்பித்தார்கள். தேசப்படத்தை விரித்து, இடத்தைக் காட்டி, அவ்விடத்தில் நிகழ்ந்ததைச் சொல்லி, பின்னரே வசனத்தை ஓதுவித்தார்கள். அம்முறை நல்ல முறை. நாம் அதனை நம் தலங்களுக்குக் கைக்கொள்ளாமை நமது குற்றமேயாம்.

2. முதற்பாடம் தேசப்படம்

மூவர் தேவாரம் பெற்ற தலங்கள் 274 என்பது பழைய கணக்கு. சோழநாட்டிற் காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127, தொண்டைநாட்டில் 32, நடுநாட்டில் 22, பாண்டிநாட்டில் 14, கொங்குநாட்டில் 7, வடநாட்டில் 5, ஈழநாட்டில் 2, மலைநாட்டில் 1, துளுவநாட்டில் 1 என அவை வகுக்கப்படும். இவ்வெண்களை மனனஞ்செய்வித்தலால் மாத்திரம் பயனில்லை. கரும்பலகையிற் காவிரியை ஒரு கோடாக வரைந்து, அதன் இருமருங்கும் 190 தலங்கள் உள்ளன என்று காட்டுக. ஒரு நதியின் இரு கரைகளில் ஒரு சமயத்தின் பாட்டுக்கள் இத்துணைச் செறிந்தமை எதனால் என்று மாணாக்கரையே வினாவுக. நெல்லும் நீரும் உள்ள இடத்தில் ஊர் உண்டாம்; ஊர் உள்ள இடத்திற் கோயில் உண்டாம் என்று அவர்களே உய்த்துணர்வார்கள்.

ஈழநாட்டின் இரண்டு தலங்களாகிய திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பற்றி ஒன்று கூறல் வேண்டும். சம்பந்தமூர்த்தி நாயனார் இவ்விரண்டு தலங்களையும் இராமேச்சரத்தில் இருந்துகொண்டே வணங்கிப் பாடினார் என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும். அவர் அக்கரையில் நின்று நம் கரையை நோக்கினார். நம் மாணாக்கர் இக்கரையில் நின்று அக்கரையை நோக்கக் கற்றல் வேண்டாவோ?

3. கடல் கடக்கும் வழி

1914 ஆம் ஆண்டு தொடக்கம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டித் தொடர்போடு கப்பல் ஓடிற்று. நம் பாட்டன்மார் அவ்வழியே சென்றனர். 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் வந்த யுத்தகாலத்திற் பல்லாண்டுகள் வடபாகத்தார்க்கு யாத்திரை அரிதாயிற்று. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பற்சேவை தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மீண்டும் தொடங்கப்பட்டது. பருவகாலத்தையும் சேவை நடைபெறும் நாட்களையும் முன்னரே விசாரித்தறிந்த பின்பே பிள்ளைகளை அழைத்துச் செல்க.

4. தலந்தோறும் ஒரு பாடம்

நாகபட்டினத்தில் இறங்குவோர் முதலிற் காயாரோகணத்தைத் தரிசிக்க. பரதவர் குலத்தவராகிய அதிபத்த நாயனார் வாழ்ந்த ஊர் இதுவே. நாள்தோறும் வலையில் வந்த மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர், வறுமையிற் பொன்மீன் ஒன்றே அகப்பட்ட நாளிலும் அதனை விட்டார். எம்முடன் வந்தவருள் மயிலிட்டிப் பக்கத்துச் சிறுவர் இருவர் இருந்தனர். தம் தந்தையர் செய்யுந் தொழிலைச் செய்தவர் ஒருவர் அறுபத்துமூவருள் வைத்து வணங்கப்படுகின்றார் என்பதை அக்கடற்கரையில் நின்று கேட்டபோது, அவர்கள் முகம் மலர்ந்ததைக் கண்டோம். வகுப்பறையில் அதே சரித்திரத்தைப் பலமுறை சொல்லியும் அம்மலர்ச்சியை யாம் கண்டதில்லை.

திருமறைக்காட்டில், அடைத்துக் கிடந்த கதவைத் திறக்க அப்பமூர்த்திகள் பதிகம் முழுதும் பாடவேண்டியதாயிற்று. சம்பந்தமூர்த்திகள் ஒரு பாட்டுப் பாடிய அளவிற் கதவு அடைத்தது. மெல்லப் படிக்கும் பிள்ளையையும் விரைந்து படிக்கும் பிள்ளையையும் ஒருங்கே நடத்தும் உபாத்தியாயர்க்கு இச்சரித்திரத்தினும் சிறந்த பாடம் வேறில்லை. இருவர் பாட்டையும் இறைவன் ஏற்றருளினார் என்பதே முடிவு.

திருவாரூரிற் சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகை பாடினார். பெரியபுராணத்துக்கு வித்து அதுவே. சீகாழியிற் சம்பந்தமூர்த்திகள் ஞானப்பால் உண்ட குளக்கரையில் மாணாக்கரைச் சிறிதுநேரம் வாளா இருத்துக. எல்லா இடத்தும் நாமே பேசிக்கொண்டிருத்தல் ஆகாது.

5. தில்லை

சிதம்பரத்தில் நான்கு கோபுரங்களையும் முதலிற் புறத்தே சுற்றிக் காண்க. கோபுரவாயில்களில் நாட்டிய சாத்திரத்திற் கூறிய 108 கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வடக்குக் கோபுரம் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் செய்வித்த பணி. உள்ளே சிற்சபை, கனகசபை, நிருத்தசபை, தேவசபை, இராசசபை என்னும் ஐந்தையும் முறையே காட்டுக. பஞ்சபூத தலங்களுட் காஞ்சி பிருதிவி, திருவானைக்கா அப்பு, திருவண்ணாமலை தேயு, திருக்காளத்தி வாயு, தில்லை ஆகாயம். சிதம்பர ரகசியமாவது திரைக்குப்பின் பொன் வில்வமாலை தூங்கும் வெளியேயாம். "அங்கே ஒன்றும் இல்லையே" என்று சொல்லும் பிள்ளையைக் கடிந்து பேசற்க. அப்பிள்ளையே பாடத்தின் வாயிலில் வந்து நிற்கின்றது.

மூவர் பதிக ஏடுகள் இக்கோயிலிலே பூட்டிக் கிடந்தன என்றும், இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் திறப்பித்துப் பார்த்தபோது செல்லரித்தன போக எஞ்சியனவே கிடைத்தன என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். 1010 ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலில், திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பேரை அவ்வரசன் நியமித்த செய்தி கல்வெட்டில் உள்ளது. திருவிடைவாய்ப் பதிகமோ ஏட்டிற் கிடையாது பிற்காலத்திற் கல்வெட்டிலிருந்து பெறப்பட்டது. ஓதுவார் இல்லாத பதிகம் ஏட்டில் இருந்தும் அழியும் என்பது இவற்றாற் பெறப்படும். நாவலர் பெருமான் 1864 ஆம் ஆண்டிற் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தமைக்குங் காரணம் இதனோடு தொடர்புடையதே. கோயிலருகே பாடசாலை இல்லையேல், கோயிலிற் பாட்டு நில்லாது.

6. ஒரு மாணாக்கனின் வினா

தில்லைக்குச் செல்லுமுன் திருப்புன்கூரைத் தரிசித்தோம். அங்கே நந்தி நேரே இராது சற்று விலகியிருத்தலைக் காட்டி, புறத்தே நின்ற நந்தனார் தரிசிக்கும்பொருட்டு இறைவன் நந்தியை விலகப் பணித்த சரித்திரத்தைச் சொன்னோம். எட்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, நந்தி விலகிற்று; மனிதர் ஏன் விலகவில்லை?" என்று கேட்டான். யாம், "பின்னர்ச் சொல்வோம்" என்று கூறி அப்பாற் சென்றோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற் கற்பித்த எமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. வினாவுக்கு விடை தெரியாமையால் யாம் ஒழிந்தோமல்லேம். விடை தெரிந்தும் சொல்ல அஞ்சினோம்.

மறுநாள் தில்லையிற் சிவகங்கைத் தீர்த்தக்கரையில் எல்லாரையும் இருத்தி விடை கூறினோம். "நந்தனாரைப் புறத்தே நிறுத்தியது மனிதர் வழக்கம், உள்ளே அழைத்தது இறைவன் அருள். அவ்வழக்கம் நந்தனார் காலத்தோடு ஒழியவில்லை. 1936 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆந் திகதி திருவிதாங்கூரில் ஆலயப்பிரவேசப் பிரகடனம் உண்டாயிற்று. 1939 ஆம் ஆண்டு யூலை 8 ஆந் திகதி மதுரை மீனாட்சியம்மை கோயிலுள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்றார். 1947 இற் சென்னை மாகாணத்திற் சட்டம் வந்தது. நம் நாட்டிலே 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்த பின்னும், 1968 இல் மாவிட்டபுரத்திற் கோயிற் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. இவற்றை மறைத்துவிட்டு நந்தனாரைப் பூசித்தல் பூசையாகாது" என்றோம். அம்மாணாக்கன் ஒன்றும் பேசவில்லை. தரிசனத்துக்குச் செல்லும்போது எம் அருகே வந்து நடந்தான்.

ஆசிரியர்காள், பிள்ளைகள் கோயில் வாயிலிற் கேட்கும் வினாக்களை நாம் ஒளித்தால், அவர்கள் விடையை வேறிடத்துத் தேடுவார்கள்; அன்றிச் சமயத்தையே விட்டு ஒழிவார்கள்.

7. விலக்கத்தக்கன

தஞ்சை விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது போன்ற கூற்றுக்களைச் சொல்லற்க. நிழல் விழுதலைப் பிள்ளை தன் கண்ணாற் காணும். கண்டபின் நாம் சொல்லும் மெய்யையும் ஐயுறும். 200 அடிக்கு மேலுயர்ந்த அக்கற்பணி பொய்ப்புகழை வேண்டி நிற்பதன்று. தரிசனத்தினும் படம் பிடித்தலிற் கருத்து வைத்தலையும், ஒருநாளிற் பல தலங்களுக்கு ஓடுதலையும் விலக்குக. பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடைசாத்தப்படும். அதற்கேற்ப நாளை வகுத்து, ஒரு நாளைக்கு இரண்டு தலங்களே அமைத்துக்கொள்க.

8. செல்ல இயலாதார்

நம் மாணாக்கருட் பெரும்பாலார்க்குக் கப்பற்கூலிக்கு வகையில்லை. ஆதலின் இப்பாடம் முக்கியமாய் வீட்டில் இருப்பாருக்கே உரியது. பொருளின்மையால் மனத்திலே கோயில் கட்டிய பூசலார் நாயனார், நின்றவூரை விட்டு அகலாமலே காடவர்கோனின் கற்றளியினும் முந்திக் குடமுழுக்குச் செய்தார். தேசப்படம், சரித்திரம், பதிகம் என்னும் மூன்றையும் செவ்வனே கற்ற பிள்ளை, தன் ஊர்க் கோயில் வாயிலில் நின்றே தில்லையைக் காணும். சென்று மீண்டவர் பாடசாலையில் மற்றையோர்க்குத் தாம் கண்டதைச் சொல்லக் கடவர். அங்ஙனம் சொல்லாதவழி யாத்திரை முற்றுப்பெறாது.

அப்பியாச வினாக்கள்

(1) காவிரியை வரைந்து, வடகரைத் தலம் மூன்றும் தென்கரைத் தலம் மூன்றும் குறிக்க.
(2) அதிபத்தர் சரித்திரத்தால் அறியப்படும் உண்மை யாது?
(3) பதிக ஏடுகள் செல்லரித்தமைக்குப் பொறுப்பாளர் யாவர்? இக்காலத்தில் அப்பொறுப்பு யாரைச் சார்ந்தது?
(4) நந்தி விலகிற்று. மனிதர் ஏன் விலகவில்லை?

நான்காம் வினாவுக்குரிய விடையை மாணாக்கர் எழுதுமுன் ஆசிரியர் தாம் எழுதிப் பார்ப்பாராக.

திருச்சிற்றம்பலம்.