காசை எடுக்குமுன் காதைக் கொடு

அன்புள்ள தம்பி,

கம்ப்யூட்டரில் எதைக் கேட்டாலும் நடுநடுவே 'டப், டப்' என்று வெடிக்கிறது, சம்பளம் வந்ததும் பர்துபாய் போய்ப் புது சவுண்ட் கார்டு வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். காலித் பின் வலீத் சாலையில் கம்ப்யூட்டர் கடைகளுக்கா பஞ்சம்? கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஷார்ஜாவில் உன் அறையில் வெடிக்கிற சத்தம் எதனால் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் பொறு.

முதலில் நீ பதிந்த ஒரு குரல் பதிவை போனில் போட்டுக் கேள். அங்கேயும் அதே நொடியில் வெடித்தால் பழுது பதிவிலேயே இருக்கிறது. 'ப'வில் தொடங்கும் சொல்லில் மட்டும் வந்தால் உன் மூச்சு மைக்கில் மோதுகிறது. மைக்குக்கு முன்னால் மூச்சைத் தடுக்கும் ஒரு பாப் ஃபில்டர் வைத்தால் தீர்ந்தது. போனில் சுத்தமாகக் கேட்டாலோ, பதிவில் 'ப' இல்லாத இடத்திலும் வெடித்தாலோ கம்ப்யூட்டரைச் சந்தேகப்படு.

ஒலி கம்ப்யூட்டரிலிருந்து நேரே ஸ்பீக்கருக்குப் போவதில்லை. பஃபர் என்ற மாடித் தொட்டியில் ஏறி, அங்கிருந்து இறங்குகிறது. மோட்டார் ஒரு நொடி சுணங்கித் தொட்டி வறண்டால் குழாய் காற்றைத் துப்புமே, அதுதான் உன் 'டப்'. நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலித் துணுக்கு, ஓடும்போது 128 சாம்பிள் பஃபர் என்பது 2.7 மில்லி நொடிக்கான சரக்குதான். அதற்குள் வைஃபை டிரைவர் குறுக்கே புகுந்து பிராசஸரைப் பிடித்துக்கொண்டால் போச்சு. எடிட்டிங், மிக்சிங் செய்யும்போது 1024 வைத்துக்கொள். 21 மில்லி நொடி கிடைக்கும். குரல் பதியும்போது மட்டும், ஹெட்போனில் உன் குரல் பிந்திக் கேட்காதிருக்க, குறைத்துக்கொள். விண்டோஸ் என்றால் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைச் சற்று நேரம் ஓடவிடு. எந்த டிரைவர் இழுத்தடிக்கிறது என்று பெயரோடு காட்டிவிடும். விண்டோஸில் 44,100, எடிட்டிங் மென்பொருளில் 48,000 என்று ஆளுக்கொரு கணக்கு இருந்தாலும் தகராறுதான். எல்லா இடத்திலும் ஒன்றாக்கு.

இங்கே வளைகுடாவில் இருக்கிற நமக்கென்றே இன்னொரு காரணம் உண்டு. ஏசி இரைகிறது என்று அணைத்துவிட்டுப் பதிகிறோம். ஜூலை, ஆகஸ்டில் வெளியே 45 டிகிரி. மெத்தைமேல் கிடக்கும் லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், தொட்டி வறளும். லேப்டாப்பைப் பலகைமேல் தூக்கி வை. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஏசியைப் போட்டு அறையை ஆறவிடு.

சற்று நேரம் சும்மா இருந்தபின் முதல் ஒலி எழும்போது மட்டும் ஒரு 'டப்' வந்தால் பயப்படாதே. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆடியோ சிப் தூங்கி விழிக்கிறது. டிரைவர் அமைப்பில் அந்தச் சிக்கனத்தை நிறுத்தினால் போதும்.

இனி சுவருக்கு வா. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார். சத்தம் நின்றால் குற்றவாளி மின்சாரப் பக்கம் இருக்கிறான். இங்கே சுவரில் இருப்பது பிரிட்டிஷ் சதுர மூன்று முனைச் சாக்கெட். நீளமான மேல் முனைதான் எர்த். அது உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடியும் திறக்கும். கட்டில் கணக்கில் வாடகைக்கு எடுக்கும் பெட்ஸ்பேஸ் அறைகளில் என்ன செய்கிறோம்? ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை முனை பிளக்குக்காக எர்த் துளையில் பேனாவைக் குத்தி மூடியைத் திறக்கிறோம், அல்லது எர்த் இல்லாத மலிவு அடாப்டரை மாட்டுகிறோம். இரண்டிலும் எர்த் போய்விடுகிறது. 230 வோல்ட்டில் இந்த விளையாட்டு வேண்டாம். அறை நண்பரின் ஃபிரிட்ஜ் 'கட்' என்று நிற்கும் அதே கணத்தில் ஸ்பீக்கரும் 'டப்' என்றால் காரணம் உன் கம்ப்யூட்டர் இல்லை. லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷனில், ஃபிரிட்ஜை விட்டு விலகி மாட்டு. இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு கேபிள் போடு. இரைச்சலை நிறுத்த எர்த் முனையை வெட்டச் சொல்கிறவன் பேச்சைக் கேட்காதே, உயிருக்கு ஆபத்து.

துபாய் எக்ஸ்போ சிட்டியில் ஏ.ஆர். ரஹ்மானின் ஃபிர்தவ்ஸ் ஸ்டுடியோவில் ஒருநாள் வேலை பார்க்க ஆசை என்றும் எழுதியிருந்தாய். ஆசைப்படு, தப்பில்லை. அங்கேயும் சுவரில் வருவது இதே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். எர்த்தை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவனுக்கு அங்கேயும் மதிப்பு இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நான்கைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது, அடுத்த வாரம் திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய். இத்தனைக்குப் பிறகும் வெடித்தால் சத்தத்தை போனில் பதிந்து அனுப்பு. பஃபர் எவ்வளவு, சாம்பிள் ரேட் எவ்வளவு, சார்ஜர் மாட்டியிருந்ததா, ஏசி ஓடியதா என்பதையும் எழுது. 'சத்தம் வருது அண்ணே' என்று மட்டும் அனுப்பினால் பதில் போட மாட்டேன்.

அன்புடன்,
உன் அண்ணன்